லிசெத்தின் இரண்டு விரல்

செவ்வாய்க்கிழமைகளில் ரெய்ண்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே கிளம்புகிறான் என்பதை எங்கள் தெருவில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் வீட்டு முன்ஜன்னலும் அவர்கள் வீட்டு முன்ஜன்னலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் கடலோர ஊரான ஹார்னசைலில் எவரும் திரையை இழுத்து மூடுவதில்லை. எனக்கோ கண் நன்றாகத் தெரிகிறது. கடலுக்குப் போகிறவன் இஸ்திரிச் சட்டை போடுவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, விட்டால் சாவு வீட்டுக்கு. செவ்வாய்க்கிழமை எதற்கு?

"யாராவது செத்துட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இந்த ஊர்ல உனக்குத் தெரியாம எவனாவது சாக முடியுமா?" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அது உண்மைதான். காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை ரொட்டிக் கடையில் நிற்கிறவள் நான். ஊரில் பாதிப்பேர் ரொட்டிக்கு வருகிறார்கள். மீதிப்பேர் ரொட்டிக்கு வந்தவர்களைப் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

ரெய்ண்டர் இறால் படகுக்காரன். சின்னப் படகு, இரண்டே ஆள். இவன் சுக்கான் அறையில், இவன் மச்சான் டௌவே மேல்தளத்தில். டௌவே, ரெய்ண்டரின் மனைவி ஹிங்கேக்குத் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு அக்கா வீட்டில், அழுக்குத் துணி அக்கா வீட்டில், வம்பு பேசுவது அக்கா வீட்டில்; தூங்குவதற்கு மட்டும் தன் வீடு. போன வருஷத்துக்கு முந்தின அக்டோபர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கடைசி வலைமடியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலையை இழுக்கிற விஞ்சு எந்திரத்தின் கயிறு டௌவேயின் காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பதினோரு நாள் கழித்து ஒரு மணல்திட்டில் கிடைத்தான். சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஹிங்கே தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெய்ண்டர் கடல் போலீஸிடம் அரைப் பக்கம் வாக்குமூலம் கொடுத்தான். அதே அரைப் பக்கத்தை வீட்டில் ஹிங்கேயிடமும் சொன்னான். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. படகைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டான். மற்றவர்களின் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் பின்னினான். வீட்டில் நாற்காலியிலேயே உட்கார்ந்து நாற்காலியிலேயே தூங்கினான். ஹிங்கே போன் அடித்தால்கூட எடுப்பதில்லை. கொட்டகைக்குப் போய்த்தான் கூட்டிவர வேண்டும். இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் போயிற்று.

அப்புறம்தான் ரொட்டி மிஷின் விவகாரம். ஜனவரியில் ஒரு நாள் காலையில் ரெய்ண்டர் கடைக்கு வந்தான். வழக்கமாக ஹிங்கேதான் வருவாள்; அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

"முழுசா வேணுமா, வெட்டித் தரவா?" என்று கேட்டபடியே ரொட்டியை மிஷினில் வைத்துப் பித்தானை அமுக்கிவிட்டேன். எங்கள் மிஷின் பழசு. படகு விஞ்சு மாதிரி முதலில் முனகும், அப்புறம் வேகம் பிடிக்கும். பிடித்ததுதான் தாமதம், ரெய்ண்டர் மேஜையைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்து, சிவப்புப் பித்தானில் ஓங்கி அறைந்தான். மிஷின் நின்றது. அவன் கையை எடுக்கவில்லை. முகம் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. வரிசையில் நாலு பேர் நின்றார்கள். எல்லாரும் அலமாரியில் இருந்த ஜாம் பாட்டில்களை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டான்.

"நின்னுடுச்சுப்பா. கைய எடு."

"நல்லா பாருங்க. நின்னுடுச்சா?"

ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தேன். சாயங்காலம் ஹிங்கேயிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அவனை ஊர் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் க்ரோனிங்கன் நகரத்தில் இருக்கிற மனநல வைத்தியக்காரி லிசெத்துக்குக் கடிதம் கொடுத்தார். ஆக, அந்த லிசெத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு.

வைத்தியம் முடிந்து வெளியே வரும்போது ரெய்ண்டருக்குத் தலை சுற்றும், வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஹிங்கேதான் ஓட்டிப் போவாள். ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருப்பாள். திரும்பி வந்ததும் நான் அவளைக் காப்பிக்குக் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் காப்பிக்கு ஒரு பிஸ்கட், அப்புறம் டப்பாவை மூடிவிடுவோம். ஹிங்கே வரும் நாளில் மட்டும் டப்பா திறந்தே இருக்கும். காரியம் இருக்கிறதே.

"உள்ள என்னதான் நடக்குதாம்?"

"விரல ஆட்டுறாளாம்."

"எந்த விரல?"

"ரெண்டு விரல. இப்படி." ஹிங்கே தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து என் மூக்குக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினாள். "இவன் தலைய அசைக்காம கண்ணால மட்டும் பின்னாடியே போகணுமாம். போய்க்கிட்டே அன்னைக்கு நடந்தத நினைக்கணுமாம்."

"அவ்வளவுதானா?"

"நடுநடுவுல நிறுத்தி, இப்ப பத்துக்கு எத்தனைன்னு கேப்பாளாம். எவ்வளவு வலிக்குதுன்னு. இவன் நம்பர் சொல்லணும். மறுபடி ஆட்டுவா. நம்பர் இறங்குற வரைக்கும்."

"இதுக்கா எழுபது கிலோமீட்டர்? என் வீட்டுக்காரர் டென்னிஸ் பாக்குறப்ப அதத்தான் பண்றார். இருபது வருஷமா ஒரு குணமும் தெரியல."

அவள் சிரித்தாள். சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது.

"எவ்வளவு பக்கத்துல உக்காருவாங்க?"

ஹிங்கே இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக் கடிக்காமல் வைத்துக்கொண்டாள். "முழங்கால் முட்டுற தூரம்னு சொன்னான்."

"வயசு?"

"முப்பத்தஞ்சுக்குள்ள."

"எப்படி இருப்பா?"

"எப்படி இருப்பா… சுத்தமா இருப்பா." திருட்டுப் புகார் கொடுப்பவள் மாதிரிச் சொன்னாள். "நகமெல்லாம் ஒட்ட வெட்டி, மோதிரம் கீதிரம் எதுவும் இல்லாம. கை குடுத்தா அக்கா. இறால் நாத்தமே படாத கை."

இருவரும் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டோம். என்னுடையதில் மாவு, அவளுடையதில் சுண்ணாம்பு நீக்குகிற மருந்து. கரைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற விடுமுறைக் குடில்களைத் துடைக்கிற வேலை அவளுக்கு. சனிக்கிழமை காலையில் மட்டும் ஏழு கழிப்பறை.

"அந்தச் சட்டைய நான்தான் இஸ்திரி போடுறேன்," என்றாள். "கூச்சம் பாருங்க, மீன் நாத்தத்தோட போக முடியாதாம். காலர மடிச்சு, கைய மடிச்சு, நானே போட்டு நானே கொண்டுபோய் விட்டுட்டு, நானே வெளிய உக்காந்து பழைய பத்திரிகையப் படிக்கிறேன். கதவுக்குள்ள இருந்து இவன் அழுற சத்தம் கேக்குது. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம், அந்தச் சத்தத்த நான் கேட்டதில்ல. அவளுக்குத்தான் கிடைச்சிருக்கு."

கண்ணீருக்குப் பொறாமைப்படுகிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனசுக்குள் கொஞ்சம் சிரித்தும் கொண்டேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கு அப்புறம் ஒரு வியாழக்கிழமை. வடமேற்குக் காற்று கூரை ஓட்டைப் பிடுங்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஆறு மணி, சாப்பாட்டு நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ரெய்ண்டர் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கிறான்; ஹிங்கே எதிரே நின்று அவன் முகத்துக்கு நேராக மரக்கரண்டியை ஓங்கியிருக்கிறாள். அடித்துவிடப் போகிறாள் என்று நினைத்துக் காலிச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். காலிக் கிண்ணம் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம்.

உள்ளே நடந்தது வேறு.

"தலைய ஆட்டாத. கண்ணு மட்டும்," என்றாள் ஹிங்கே.

"கண்ணு மட்டும்தான்."

"இப்ப நினை."

"என்னத்த நினைக்கிறது? கடுகு சூப்பு சொட்டுது."

சொட்டத்தான் செய்தது. மேஜை விரிப்பில் இடமிருந்து வலமாக ஒரு மஞ்சள் கோடு விழுந்திருந்தது.

"அவ விரல்னா நினைப்பு வரும், என் கரண்டின்னா வராதா?"

"கோச்சுக்காத. நீ ரொம்ப மெதுவா ஆட்டுற. துணிக்கு இஸ்திரி போடுற மாதிரி. அவ சரசரன்னு ஆட்டுவா."

இதை ஒரு கணவன் சொல்லியிருக்கக் கூடாது. நான் கிண்ணத்தோடு வாசலில் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். ஆனால் என்னைப் பொருட்படுத்துகிற நிலையில் யாரும் இல்லை.

"சரசரன்னு," என்றாள் ஹிங்கே. கரண்டியைச் சூப்புக்குள் போட்டாள். தன் இரண்டு விரலை நீட்டி, கொசு விரட்டுவது மாதிரி அவன் முகத்துக்கு முன்னால் வீசினாள். "இது சரசரன்னு இருக்கா? போதுமா? சொல்லு, இப்ப எத்தனை? பத்துக்கு எத்தனை?"

"ஹிங்கே, நீ இதப் பண்ணாத. நீ பண்ணக் கூடாது."

"எத்தனை?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "பத்து," என்றான்.

"அங்க?"

அவன் மேஜை விரிப்பைப் பார்த்தான்.

"அங்க எத்தனைன்னு கேட்டேன்."

"முந்தாநாள் ஆறு."

ஹிங்கே விரலை மடக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "சர்க்கரையா அக்கா? அலமாரில இருக்கு, எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ரெய்ண்டர் மஞ்சள் கோட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டு போனது. எனக்கு வேண்டாத சர்க்கரையை அள்ளிக்கொண்டு நான் வீடு திரும்பினேன்.

அவனுக்குக் குணமாகிக்கொண்டு வந்தது. அதை மறுக்க முடியாது. ஐந்தாவது செவ்வாய்க்குப் பிறகு நாற்காலியை விட்டுக் கட்டிலுக்குப் போனான். படகின் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசினான். மார்ச் முதல் வாரம் கடைக்கு வந்து, "வெட்டியே குடுங்க யாந்தினாக்கா," என்றான். நான் பித்தானில் கை வைத்து அவனைப் பார்த்தேன். தலையை ஆட்டினான். மிஷின் முனகி, வேகம் பிடித்து, முப்பது துண்டு போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றான். நெற்றியில் மட்டும் கொஞ்சம் வேர்வை. கடையில் இருந்தவர்கள் கைதட்டாத குறை. ஜாம் பாட்டிலை ஒருத்தரும் படிக்கவில்லை.

போகிறவர் வருகிறவர் எல்லாம் ஹிங்கேயைப் பிடித்து, "உன் புருஷன் பழையபடி ஆயிட்டான்டி, கொடுத்து வச்சவ," என்றார்கள். அவளும் பல்லைக் காட்டினாள். அவள் பின்கட்டில் துணி உலர்த்தும்போது நான் தெருவைக் கடந்து போய் வேலிக்கு வெளியே நின்றேன். காற்றில் படுக்கை விரிப்புகள் எங்கள் இருவர் முகத்திலும் அறைந்துகொண்டிருந்தன.

"குறட்டை விடுறான் அக்கா," என்றாள். "ஒரு வருஷமா ரெண்டு பேரும் முழிச்சுக் கிடந்தோம். அவன் கீழ, நான் மேல. பேசிக்கலன்னாலும் முழிச்சிருக்கான்னு தெரியும். இப்ப நான் மட்டும் முழிச்சிருக்கேன்."

"நல்லதுதானடி? தூங்கட்டுமே."

"தூங்கட்டும். நான் வேண்டாம்னேனா? ஞாயித்துக்கிழமை கேட்டேன், டௌவே போன அந்த நிமிஷம் இப்ப எப்படித் தெரியுதுன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'தூரத்துல தெரியுது, சின்னதா, மங்கலா'ங்கிறான். சந்தோஷமா வேற சொல்றான். நல்ல செய்தி சொல்ற மாதிரி." துணிக் கவ்வியை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்து நீட்டினாள், நான்தான் குற்றவாளி என்பது போல. "என் தம்பி முகம், அக்கா. கடைசியாப் பாத்தது இவன் ஒருத்தன்தான். பெட்டியக்கூடத் திறந்து காட்டல. இவன் கண்ணுல மட்டும்தான் அது இருந்துச்சு. எனக்கு ஒரு தடவ காட்டாம, எவளோ ஒருத்திகிட்ட கொண்டுபோய்க் குடுத்து மங்க வச்சுட்டு வந்திருக்கான்."

நான் குனிந்து, காற்றில் விழுந்த ஒரு விரிப்பை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினேன்.

அடுத்த செவ்வாய் அவள் பத்திரிகை படிக்கவில்லை. ரெய்ண்டர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் நேராக லிசெத் அறைக்குள் போய் நின்றிருக்கிறாள். திரும்பி வந்து என் அடுப்படியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"'என் தம்பியோட கடைசி நிமிஷம் உங்ககிட்ட இருக்கு, எனக்குக் குடுங்க'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'அது என்கிட்ட இல்லைங்க, அவர்கிட்டதான் இருக்கு. நான் சொல்லக் கூடாது, அவர் சொல்லலாம்'னா. 'சொல்ற நேரம் பக்கத்துலதான் இருக்கு'ன்னும் சொன்னா. தண்ணி வேற கொண்டுவந்து குடுத்தா. உக்காரச் சொன்னா. நல்ல மாதிரியாப் பேசித் தொலைச்சா அக்கா! கெட்டவளா இருந்திருந்தா நிம்மதியாத் திட்டிட்டாவது வந்திருப்பேன்."

"நேரம் பக்கத்துல இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதான நானும் கேக்குறேன். என் வீட்டுல எப்ப என்ன பேசப் போறாங்கன்னு அவளுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

அன்றைக்கே அவனிடம் கெடு வைத்துவிட்டாள். அவன் திங்கட்கிழமை மறுபடி கடலுக்குப் போவதாக இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து அனுபவஸ்தர் ஒருவர் கூட வர ஒத்துக்கொண்டிருந்தார். ஹிங்கே சொன்னது இதுதான்: "அவகிட்ட சொன்னத என்கிட்ட சொல்லாம நீ படகேறினா, திரும்பி வர்றப்ப நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்." அவள் தங்கை ஹார்லிங்கனில் இருக்கிறாள். துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. மாடி ஜன்னலில் அதன் கைப்பிடி எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை யாரோ ஒரு படகுக்காரர் ஐந்து கிலோ இறால் கொடுத்தனுப்பினார். ரெய்ண்டர் மீண்டும் கடலேறுகிறான் என்பதற்கு மரியாதை. படகிலேயே கடல்நீரில் வேகவைத்தது, வீட்டில் ஓடு நீக்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவு இறால். ஐந்து கிலோவுக்கு இரண்டு கை பத்தாது. தெருவில் வேகமாக உரிக்கிறவள் நான். கூப்பிட்டார்கள், போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

மழை சாய்வாக அடித்து ஜன்னலில் வழிந்தது. மேஜையில் செய்தித்தாள் விரித்து நடுவில் இறாலைக் கொட்டினோம். தலையைப் பிடித்து, மூன்றாவது வளையத்தில் ஒரு திருகு, வால் பக்கம் ஓடு கழன்றுவரும், தலையோடு சதையை உருவ வேண்டும். கை தானாகச் செய்யும். பேச்சு தேவையில்லை, நல்லதாகப் போயிற்று, பேச்சும் இல்லை. அரை மணி நேரம் ஓடு கழல்கிற சத்தம்தான். நான் வானிலையைப் பற்றி இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் அது செத்து விழுந்தது.

"நீ போன் பண்ணினல்ல, அன்னைக்கு," என்றான் ரெய்ண்டர்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படகு திரும்பி வரும்போது பச்சை மிதவையைத் தாண்டினால்தான் போனுக்கு உயிர் வரும். அந்த நேரம் பார்த்து ஹார்னசைல் பெண்கள் படகுக்குப் போன் அடிப்போம். கொஞ்சிப் பேச அல்ல. "எத்தனை?" என்று கேட்க. எத்தனை உருளைக்கிழங்கு என்று அர்த்தம். இங்கே கிழங்கை எண்ணித்தான் உரிப்போம், தலைக்கு இத்தனை என்று. ஆண்கள் ஒரு கையால் வேலையைப் பார்த்துக்கொண்டே மறு கையால் போனைத் தட்டி எண்ணிக்கை சொல்வார்கள். படகு துறைக்கு வரும்போது கிழங்கு வெந்திருக்கும். எத்தனையோ வருஷமாக எல்லா வீட்டிலும் இப்படித்தான். இதில் தப்பு இருக்கிறதென்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"பண்ணேன்," என்றாள் ஹிங்கே. கை நிற்கவில்லை. "நீ பாதில கட் பண்ணிட்ட. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அவன்—"

"பத்து நிமிஷம் கழிச்சு இல்ல."

"பின்ன?"

"நீ பேசிட்டு இருக்கும்போதே."

இப்போது அவள் கை நின்றது. என் கை நிற்கவில்லை. நிறுத்தினால் நான் அங்கே இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

ரெய்ண்டர் இறாலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குரல் நடுங்கவில்லை. "போன் ஜன்னல் ஓரத்துல இருந்துச்சு. வலது கை விஞ்சுப் பிடில. மடி ஏறிட்டு இருக்கு. போன் அடிச்சுது, உன் பேரு பச்சையா எரிஞ்சுது. இடது கையால ஸ்பீக்கரத் தட்டுறதுக்குத் திரும்பினேன். நீ எத்தனைன்னு கேட்ட. நாலுன்னேன். வெளிய அவனுக்கு உன் குரல் கேட்டுடுச்சு. அவனும் என்னமோ கத்துனான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாக்குறேன், தளத்துல ஆளில்ல. கயிறு மட்டும் ஓடுது. அப்பதான் போன அமுக்கினேன்."

ஹிங்கே கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள்.

"போலீஸ்கிட்ட பத்து நிமிஷம்னு சொன்னது…"

"உனக்காகச் சொன்னது."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா," என்று ஹிங்கே ஆரம்பித்தாள்.

"இதுக்குத்தான் சொல்லல. நீ இந்த இடத்துக்கு வந்து நிப்பேன்னு தெரியும். திரும்பிப் பாத்தது நான். கை என் கை. நீ எப்பவும் போலக் கூப்பிட்ட, அவ்வளவுதான்." அவன் ஒரு இறாலை எடுத்து, உரிக்காமல் திரும்ப வைத்தான். "லிசெத் சொல்லுவா, எல்லாத்துலயும் மோசமான படம் எதுவோ அதுல நிறுத்திக்குங்கன்னு. கயிறுன்னுதான் அவளும் நினைச்சா. கயிறு இல்ல ஹிங்கே. உன் பேரு. போன்ல எரிஞ்ச உன் பேரு. அதுதான் எனக்குப் பத்து."

ஒரு வருஷமாக அவன் எடுக்காத போன்களெல்லாம் என் காதில் அடித்தன. ஹிங்கேக்கும் அடித்திருக்க வேண்டும். கரண்டியோடு அவள் எதிரே நின்ற சாயங்காலமும்.

"அப்ப அவ விரல ஆட்டி ஆட்டி மங்க வச்சது என் பேரையா?" என்றாள் மெதுவாக.

"மங்கல. இப்ப அதப் பாக்க முடியுது. முடியுறதாலதான் உன்கிட்ட சொல்றேன்."

அவள் எழுந்தாள். நான், பெட்டியை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், இறால் ஓடு ஒட்டிய கையால்.

"அது என்னோடது," என்றாள். "அந்த நிமிஷத்துல எனக்கும் பங்கு இருந்திருக்கு. வலிச்சா வலிக்கட்டும், அது எனக்குச் சேர வேண்டியது. அத ஒரு வருஷமா நீ ஒளிச்சு வச்சு, முதல்ல அவகிட்ட குடுத்திருக்க. அவ விரலுக்குக் குடுத்திருக்க. எனக்கு அரைப் பக்கம். நான் அங்க இல்லவே இல்லன்னு நினைச்சு நினைச்சு வெந்துட்டு இருந்தேன்டா. நீ இருந்த, கடல் இருந்துச்சு, அப்புறம் அந்த லிசெத்கூட உள்ள போய்ட்டு வந்துட்டா. நான் மட்டும் வெளிய நாற்காலில."

இன்னொரு அடி அடிக்கக் கை ஓங்கி, அப்படியே அவன் தலைமேல் வைத்துவிட்டாள்.

"அப்ப நானும் அங்கதான் இருந்திருக்கேன்," என்றாள்.

ரெய்ண்டர் தலையை ஆட்டினான்.

"அவன் காதுல கடைசியா விழுந்தது என் குரலா?"

"ஆமா."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், முழங்கால் முட்டுகிற தூரத்தில். நான் எழுந்து போயிருக்க வேண்டும். மரியாதை தெரிந்த எந்தப் பெண்ணும் எழுந்து போயிருப்பாள். என் கிண்ணத்தில் உரித்த இறால் குவிந்துகொண்டே இருந்தது.

"என்ன கத்துனான்?"

"எனக்கும் சேத்துச் சொல்லு, மூணுன்னான்."

"அவன் கத்துன மாதிரியே சொல்லு."

ரெய்ண்டர் ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு வாய் நிறைய ரொட்டி வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரிக் கன்னத்தை உப்பி, காற்றுக்கு மேல் கேட்க வேண்டிய குரலில், அந்தச் சின்ன அடுப்படியில் கத்தினான்: "எனக்கும் சேத்துச் சொல்லு, மூணு!"

டௌவேயேதான். ஹிங்கே கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொரு தடவ," என்றாள். கத்தினான். மறுபடி கேட்டாள். மறுபடி கத்தினான். நாலாவது தடவை அவள் கண்ணைத் திறந்து, நெற்றியைச் சுருக்கினாள்.

"மூணா?"

"மூணுன்னுதான் எனக்கு…"

"மூணு இருக்காது. அவன் எந்தக் காலத்துல மூணோட நிறுத்தினான்? அஞ்சுன்னுதான் சொல்லியிருப்பான்."

ரெய்ண்டர் யோசித்தான். இமை மூடியிருந்தது, உள்ளே கருவிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவது எனக்குத் தெரிந்தது.

"ஆமா," என்றான். "அஞ்சு."

"அஞ்சு," என்றாள் ஹிங்கே. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

திங்கட்கிழமை படகு போனது. ஹிங்கே ஹார்லிங்கனுக்குப் போகவில்லை. லிசெத்தை அவளுக்கு இன்னும் பிடிக்காது. பேச்சு வந்தால் "அந்தக் குட்டை நகக்காரி" என்பாள். இனிமேல் போக வேண்டியதில்லை என்றாகிவிட்ட பிறகும், அவள் பெயரைச் சொல்லும்போது உதட்டைக் கோணுகிறாள்.

அவன் சொன்னது மூணா, அஞ்சா என்பது எனக்குத் தெரியாது. ரெய்ண்டர் உண்மையாகவே ஞாபகம் வந்துதான் மாற்றினானா, மனைவிக்கு விட்டுக்கொடுத்தானா என்பதும் தெரியாது. ஆனால் ரொட்டிக் கடையில் டௌவே பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்லிவிடுகிறேன்: கடைசியாக அவன் கேட்டது ஐந்து உருளைக்கிழங்கு. மூன்றென்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் கத்தியதை என் காதால் கேட்டவள் நான்.